கரிசல் மண்ணில் கொல்லைப்புறத் தளம்: நாங்கள் வேலை கொடுத்த கான்ட்ராக்டர் எப்படி?

கோவில்பட்டி பக்கம் வீட்டுக்குப் பின்னால் உட்கார, துணி காயப்போட ஒரு நல்ல தளம் போட யாரைப் பிடிக்கலாம் என்று தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு வேலை செய்தவர் மண் வேலையில் கெட்டிக்காரர், கல் பதிப்பதில் சுத்தம், சொன்ன நாளுக்கு வருவதில் மட்டும் மோசம். ஐந்துக்கு நாலு கொடுப்பேன். குறையும் சொல்லப் போகிறேன் என்பதால் பெயரைப் போடவில்லை. பெயரை விட, கரிசல் மண்ணில் தளம் போடத் தெரிந்த ஆளை எப்படி அடையாளம் காண்பது என்பதுதான் உங்களுக்கு உதவும்.

எங்கள் கொல்லைப்புறம் இருபதுக்குப் பதினாறு அடி, மொத்தம் 320 சதுர அடி. ஒரு மூலையில் வேப்பமரம், இன்னொரு பக்கம் துவைக்கிற கல், நடுவில் கழிவுநீர் சேம்பர். மழை பெய்தால் செருப்போடு இரண்டு கிலோ மண் சேர்ந்து வரும், சித்திரை வைகாசியில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு விழும், அதில் பூரான் வேறு. அம்மாவுக்கு வத்தல், வடகம், மோர்மிளகாய் காயப்போட இடம் வேண்டும், மாடிப்படி ஏற முழங்கால் விடுவதில்லை. சாயங்காலம் நாலு நாற்காலி போட்டு உட்கார எல்லோருக்கும் ஆசை.

கரிசலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் இந்த விமர்சனம் புரியாது. இந்த மண்ணில் இருக்கிற களி தண்ணீரைக் குடித்தால் வீங்கும், காய்ந்தால் சுருங்கும். எல்லா இடமும் ஒரே சீராக வீங்கி ஒரே சீராகச் சுருங்கினால்கூடத் தளம் தாங்கிவிடும், ஆனால் துவைக்கிற கல் பக்கம் எப்போதும் ஈரம், வேம்பு பக்கம் வேர் உறிஞ்சி எப்போதும் காய்ச்சல் என்று இருந்தால் ஒரு பக்கம் தூக்கும், ஒரு பக்கம் இறங்கும். அப்போதுதான் சிமெண்டுத் தளம் குறுக்கே பிளக்கிறது. எங்கள் தெருவில் புதிதாகப் போட்ட தளங்களில் பாதிக்கு இந்தக் கதைதான். சிமெண்டு சரியில்லை, கலவை சரியில்லை என்று எல்லோரும் கொத்தனாரைத் திட்டுகிறார்கள், கீழே இருக்கிற மண்ணை யாரும் பார்ப்பதில்லை.

சில பேரிடம் ரேட்டு கேட்டோம். முதலில் வந்தவர் வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்துவிட்டு, மேல் மண்ணைச் செதுக்கி, ஒரு லேயர் கிரஷர் டஸ்ட் விரித்து, மேலே பேவர் பிளாக் போட்டால் சதுர அடி 85 ரூபாய், மூன்று நாளில் முடிந்துவிடும் என்றார். இன்னொருவர் நாலு இஞ்ச் கான்கிரீட் போட்டு மேலே டைல்ஸ் போடலாம் என்றார், அதுவும் வழவழவென்ற டைல்ஸ். மழையில் யாராவது அதில் வழுக்கி விழுந்தால் என்ன ஆவது என்று அம்மா அவர் எதிரிலேயே கேட்டுவிட்டார். நாங்கள் கடைசியில் வைத்துக்கொண்டவர் வந்ததும் ரேட்டே பேசவில்லை. கடப்பாரை வாங்கி இரண்டு மூன்று இடத்தில் குத்திப் பார்த்தார். சுமார் நாலடி ஆழத்தில் சுக்கான், அதாவது கரிசலுக்கு அடியில் இருக்கிற கெட்டியான சுண்ணாம்பு மண், தட்டியது. அப்புறம் மாடித் தண்ணீர் எங்கே விழுகிறது, சேம்பரிலிருந்து குழாய் எந்தப் பக்கம் போகிறது, போர்வெல் ஒயர் எங்கே ஓடுகிறது என்று கேட்டுவிட்டு, "அண்ணாச்சி, மேல என்ன கல்லு வேணும்னாலும் போடலாம். மொதல்ல ரெண்டடி கரிசலை வெளிய எடுக்கணும், அதுக்கு ஒத்துக்கிட்டா ரேட்டு சொல்றேன், இல்லன்னா வேற ஆளைப் பாத்துக்கிடுங்க" என்றார். அந்தப் பேச்சுக்காகத்தான் அவருக்கு வேலை கொடுத்தோம்.

அவர் கொடுத்த கணக்கு மொத்தம் 1 லட்சத்து 32 ஆயிரம், மெட்டீரியலோடு சேர்த்து. அதில் கிட்டத்தட்ட 46 ஆயிரம் மண்ணுக்கு அடியில் போகிற பணம்: தோண்டுவது, தோண்டிய கரிசலை டிராக்டரில் வெளியே கொண்டுபோவது, கிராவல், ஜல்லி, இறுக்குகிற மெஷின் வாடகை. சொந்தக்காரர்கள் எல்லோரும் இதைத்தான் கேள்வி கேட்டார்கள், கண்ணுக்குத் தெரியாத வேலைக்கு இவ்வளவா என்று. எனக்கு இந்த 46 ஆயிரம்தான் முழு வேலையிலும் மிக நியாயமான செலவாகத் தெரிகிறது. மேலே போட்ட கல் பிடிக்காவிட்டால் நாளைக்குப் பெயர்த்து வேறு போட்டுக்கொள்ளலாம். அடித்தளத்தை யாரும் இரண்டாவது தடவை போட மாட்டார்கள்.

தோண்டும் வேலையை அவர் செய்த விதம் பார்க்க வேண்டியது. சந்து குறுகல், ஜேசிபி உள்ளே வராது, ஆள் வைத்துத்தான் வெட்டினார்கள். இரண்டடி எடுத்த பிறகு அடியில் இருந்த மண்ணை நன்றாக நனைத்து, திமிசு போட்டு இறுக்கினார்கள். கோரைக் கிழங்கு கண்ணில் பட்டதையெல்லாம் பொறுக்கி எடுக்கச் சொன்னார், ஒன்று மிச்சம் இருந்தாலும் பிளாக் இடுக்கில் கிளம்பி வந்துவிடும் என்று. அப்புறம் கிராவல். ஆறு யூனிட் வந்தது (நூறு கன அடி ஒரு யூனிட், புதிதாக வீட்டு வேலை பார்க்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், லோடு கணக்கில் வாங்கினால் லாரிக்கு லாரி அளவு மாறும், யூனிட் கணக்கில் பேசுங்கள்). மொத்தத்தையும் ஒரே தடவையில் கொட்டாமல் அரையடி அரையடியாக விரித்து, ஒவ்வொரு அடுக்குக்கும் தண்ணீர் தெளித்து, மெஷின் வைத்து இறுக்கி, அப்புறம்தான் அடுத்தது. மொத்தமாகக் கொட்டி மேலே மெஷின் ஓட்டினால் மேல் அரையடி மட்டும்தான் இறுகும், அடியில் பொதபொதவென்று கிடந்து ஒரு மழைக்காலத்தில் இறங்கிவிடும்.

கிராவலுக்குப் பதில் மணல் நிரப்பலாமே என்று கேட்டேன், பல வீடுகளில் அப்படித்தான் செய்கிறார்கள். வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னார். மணலில் தண்ணீர் சுலபமாகக் கீழே இறங்கிவிடும், இறங்கினால் அடியில் இருக்கிற கரிசல் தொட்டி மாதிரி அதைப் பிடித்து வைத்துக்கொண்டு வீங்கத் தொடங்கும். கொஞ்சம் செம்மண் கலந்த கிராவல் இறுகிவிட்டால் தண்ணீரை அவ்வளவு விடாது, தானும் வீங்காது. கரிசல் பூமியில் கால்வாய் கட்டும் பொறியாளர்கள் கான்கிரீட்டுக்கு அடியில் வீங்காத மண்ணை அடுக்காகப் போடுவதும் இதற்காகத்தான். இவர் பாலிடெக்னிக் படித்தவர் இல்லை, கொத்தனாராக இருந்து கான்ட்ராக்டர் ஆனவர். ஆனால் விஷயம் கையில் இருக்கிறது.

மேல் தளத்தை இரண்டாகப் பிரித்தோம். வீட்டை ஒட்டிய ஆறடி, பிறகு கூரை ஷீட் போடப்போகிற இடம், அங்கே கான்கிரீட் போட்டு மேலே தாண்டூர் கல். மீதி பத்தடி திறந்த வெளி, அங்கே பேவர் பிளாக். இதுவும் அவர் யோசனைதான். கான்கிரீட் மேல் கலவை வைத்துப் பதித்த கல் அசையாது, அசைந்தால் உடையும். மணல்மேல் வெறுமனே அடுக்கிய பிளாக் மண்ணோடு கொஞ்சம் ஏறி இறங்கிக் கொடுக்கும், எங்காவது இறங்கினால் அந்த நாலு பிளாக்கை எடுத்து மணல் போட்டுத் திரும்ப வைக்கலாம். மழை நேரடியாக விழுகிற, மரவேர் இருக்கிற பக்கத்துக்கு அதுதான் பொருத்தம்.

கான்கிரீட்டில் எனக்குப் பிடித்தது ஒன்று: வீட்டுச் சுவரோடு சேர்த்து ஒட்டவில்லை. அரை இஞ்ச் தெர்மாகோல் பட்டை வைத்து இடைவெளி விட்டுத்தான் போட்டார், தளம் தனியாக அசைந்தால் சுவரை இழுக்காது. அந்த இடைவெளியை மேலே சீலண்ட் வைத்து அடைத்துவிட்டார். வீட்டுத் தரை மட்டத்திலிருந்து ஐந்து இஞ்ச் இறக்கித்தான் தளத்தை நிறுத்தினார். க்யூரிங் விஷயத்தில், அதாவது கான்கிரீட்டை ஈரமாக வைத்திருப்பதில், நான் கொஞ்சம் பிடிவாதமாக இருந்தேன். இப்போது கடையில் கிடைக்கிற சிமெண்டில் பெரும்பாலும் சாம்பல் கலந்த பிபிசி வகைதான், அதற்குக் குறைந்தது பத்து நாள் ஈரம் வேண்டும் என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 சொல்கிறது, நம் ஊர் வெயிலுக்கு இன்னும் கூடவே வேண்டும். அவர் ஆட்கள் ஒரு வாரத்தில் கல் பதிக்க வந்து நின்றார்கள். சாக்கு விரித்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறோம், அது முடியட்டும் என்று சொன்னதும் முகம் சுளிக்காமல் பிளாக் பக்கம் வேலைக்குப் போய்விட்டார்கள்.

வாட்டம், அதாவது தண்ணீர் ஓட விடுகிற சரிவு, பற்றி ஒரு பத்தி எழுதினால் தகும். பத்தடிக்கு இரண்டு இஞ்ச், வீட்டிலிருந்து வெளியே. ரசமட்டக் குழாயில் தண்ணீர் பிடித்து, நூல் கட்டி, ஒவ்வொரு வரிசைக்கும் பார்த்தார். தண்ணீர் சேருகிற ஓரத்தில் சின்ன வாய்க்கால், அதிலிருந்து குழாய் வழியாகக் காம்பவுண்டு மூலையில் இருக்கிற மழைநீர்க் குழிக்கு. அந்தக் குழியைத் தளத்துக்குப் பக்கத்தில் வைக்க நாங்கள் முதலில் நினைத்திருந்தோம், இடம் மிச்சம் என்று. கூடவே கூடாது, கரிசலில் ஒரே இடத்தில் தண்ணீர் ஊறினால் அந்த இடம்தான் முதலில் தூக்கும், வீட்டிலிருந்தும் தளத்திலிருந்தும் எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்றார். துவைக்கிற கல்லின் தண்ணீருக்கும் தனியாகக் குழாய் போட்டார். வேம்பைச் சுற்றி நாலடி வட்டம் மண்ணாகவே விட்டாகிவிட்டது, வேரை வெட்டச் சொல்லி அவரும் கேட்கவில்லை, அதற்கு அவருக்குத் தனி நன்றி.

இனி பொருட்கள். தாண்டூர் கல் தெலங்கானாவிலிருந்து வருகிற சுண்ணாம்புக்கல், மஞ்சளும் நீலமும் கிடைக்கும். நாங்கள் எடுத்தது மஞ்சள், பாலிஷ் போடாதது. முதலில் கடப்பா கல்லைத்தான் நினைத்தோம், கறுப்பு பார்க்க அழகு, விலையும் குறைவு. ஆனால் மதிய வெயிலில் கறுப்புக் கல்லில் வெறுங்காலோடு நிற்க முடியாது, வத்தல் காயும், மனிதர்களும் காய்வார்கள். மஞ்சள் தாண்டூர் சுடத்தான் செய்கிறது, தாங்கக்கூடிய சூடு. சதுர அடி 48 ரூபாய்க்குக் கிடைத்தது. கல் ஒரே கனத்தில் இல்லை என்பது ஒரு குறை, சிலது முக்கால் இஞ்ச், சிலது ஒன்றேகால், கலவையில் சரிக்கட்டிப் பதிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். இவருடைய கொத்தனார் இதில் தேர்ந்தவர், விரலால் தடவினாலும் ஏற்ற இறக்கம் தட்டவில்லை.

இதில் எல்லோரும் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பதித்து முடிந்ததும் சிமெண்டுக் கறை போக ஆசிட் ஊற்றிக் கழுவுவது நம்மூர் வழக்கம். டைல்ஸில் பெரிதாகத் தெரியாது. தாண்டூர், கடப்பா, கோட்டா எல்லாமே சுண்ணாம்புக்கல், ஆசிட் பட்டால் பொங்கிக் கல்லே அரிபடும், மேல்தோல் போய் வெளிறிய திட்டு நிரந்தரமாக நிற்கும். கான்ட்ராக்டர் இல்லாத நேரத்தில் ஒரு பையன் ஆசிட் பாட்டிலோடு வந்து ஒரு மூலையில் ஊற்றியும்விட்டான். அம்மா பார்த்துச் சத்தம் போட்டு நிறுத்தினார். இரண்டு கல் போய்விட்டது. கான்ட்ராக்டர் மறுபேச்சு பேசாமல் அந்த இரண்டையும் தன் செலவில் மாற்றினார், ஆனாலும் ஆளுக்கு முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டியது அவர் பொறுப்பு. தேங்காய் நார், தண்ணீர், கொஞ்சம் சோப்புத்தூள், அவ்வளவு போதும், கறை போய்விட்டது. எலுமிச்சை, புளித்தண்ணீர் கொட்டினாலும் உடனே துடைத்துவிடுங்கள்.

பேவர் பிளாக் இரண்டு வகையாக வருகிறது. ரப்பர் மோல்டில் ஊற்றி எடுப்பது கண்ணாடி மாதிரி பளபளக்கும், விலையும் குறைவு, மழையில் வழுக்கும், கலரும் சீக்கிரம் போய்விடும். ஹைட்ராலிக் பிரஸ்ஸில் அழுத்தி எடுப்பது சொரசொரப்பாக இருக்கும், நமக்கு வேண்டியது அதுதான். ஆள் நடமாட்டத்துக்கு மட்டும் என்றால் பேவர் பிளாக்குக்கான தர விதி ஐஎஸ் 15658 படி 50 மில்லிமீட்டர் கனம், எம் 30 (இது பலத்தைக் குறிக்கிற தர எண்) போதும், எங்கள் வீட்டில் பைக் உள்ளே வரும் என்பதால் 60 மில்லிமீட்டர், எம் 35 எடுத்தோம். வாங்கும்போது இரண்டு பிளாக்கை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள், கணீர் என்று கேட்க வேண்டும், நகத்தால் ஓரத்தைச் சுரண்டினால் பொடி உதிரக் கூடாது. எங்களுக்கு வந்த லோடில் கடைசி கொஞ்சம் வேறு பேட்ச், சாம்பல் கலர் ஒரு சாயல் மாறியிருந்தது. கான்ட்ராக்டர் அதைத் தனியாக ஒரு மூலையில் போடாமல் எல்லா வரிசையிலும் கலந்து போட்டுவிட்டார், இப்போது பார்த்தால் அப்படியே திட்டமிட்டது போல இருக்கிறது. ஓரக்கல்லை கான்கிரீட்டில் நிறுத்தியிருக்கிறார், அது இல்லாவிட்டால் பிளாக் ஓரத்திலிருந்து விரிய ஆரம்பிக்கும். இடுக்கில் சன்ன மணல் பெருக்கி, மெஷின் ஓட்டி, இறங்கிய இடத்தில் திரும்ப மணல் பெருக்கினார். பல பேர் இந்த இரண்டாவது தடவையை விட்டுவிடுவார்கள்.

சரி, குறைகளுக்கு வருகிறேன். கிராவல் வேலை முடிந்த கையோடு ஆட்களை வேறு சைட்டுக்கு மாற்றிவிட்டார், எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போன் எடுக்கவில்லை. எடுத்தபோது "நாளைக்கு வந்துருவாங்க அண்ணாச்சி". அந்த நாளை வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது, அதுவரை கொல்லைப்புறக் கதவைத் திறந்தால் பள்ளம், துணி துவைக்க அம்மா பக்கத்து வீட்டுக்குப் போனார். ஆட்கள் ஊரில் கோயில் கொடை என்று இரண்டு நாள் லீவு கேட்டார்கள், அது நியாயம், முன்கூட்டியே சொன்னார்கள், யாரும் கோபப்படவில்லை. சொல்லாமல் போவதுதான் கோபம். பெரிய வேலை வந்தால் சின்ன வேலையைத் தள்ளிப் போடுவது இந்தத் தொழிலில் சகஜம் என்பதற்காக அதை ஏற்றுக்கொள்ள முடியாது, வயதானவர்கள் இருக்கிற வீட்டில் தோண்டிப் போட்டுவிட்டுப் போவது தப்பு.

இரண்டாவது, சேம்பர் மூடி. நாங்கள் கேட்டிருக்காவிட்டால் அதன் மேலேயே கல் பதித்து மூடியிருப்பார்கள், பார்க்க அழகாக இருக்கும் என்று. அடைப்பு வந்தால் தளத்தை உடைப்பதா? பிறகு மூடிமேலேயே கல் ஒட்டி, தூக்குவதற்கு வளையம் வைத்து நன்றாகவே செய்தார், அதற்கு 1,800 ரூபாய் தனியாகக் கேட்டார், கொடுத்தோம். எஸ்டிமேட்டிலேயே வந்திருக்க வேண்டிய செலவு அது.

பணம் கொடுத்த முறையைச் சொல்கிறேன், இது எங்களைக் காப்பாற்றியது. ஒரு பேப்பரில் எழுதிக்கொண்டோம்: எவ்வளவு ஆழம், எத்தனை அடுக்கு, கல் வகை, பிளாக் கனம், வாட்டம், எதற்கு எவ்வளவு. அட்வான்ஸ் கால் பங்கு, கிராவல் முடிந்ததும் ஒரு பங்கு, கான்கிரீட் முடிந்ததும் ஒரு பங்கு, வேலை முடிந்ததும் மீதி, அதில் 10 ஆயிரம் மட்டும் ஐப்பசி கார்த்திகை மழை முடிந்த பிறகு. கடைசி நிபந்தனைக்கு முதலில் தயங்கினார், அப்புறம் ஒத்துக்கொண்டார். பதித்த பரப்பை அளந்துதான் கல்லுக்குப் பணம் என்றும் எழுதியிருந்தோம், வெட்டி வீணான கல்லுக்கு என்ன கணக்கு என்பதையும். அவர் ஆட்களை மாற்றிக்கொண்டு போனபோது நாங்கள் சண்டை போடாமல் இருக்க முடிந்தது இந்தப் பேப்பரால்தான், செய்யாத வேலைக்கு ஒரு பைசா அவர் கையில் இல்லை.

மழை வந்தது. தாண்டூர் பக்கம் ஒரு கீறல் இல்லை, தண்ணீர் எங்கும் தேங்கவில்லை, வாய்க்காலில் ஓடி அப்படியே குழிக்குப் போனது. பிளாக் பக்கம், துவைக்கிற கல்லை ஒட்டி ஏழெட்டு பிளாக் அரை இஞ்ச் இறங்கியது. போன் செய்தேன், இந்தத் தடவை மறுநாளே வந்தார், பாக்கி இருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம், இருந்தாலும் வந்தார். பிளாக்கைக் கிளப்பிப் பார்த்தால் குழாய் இணைப்பில் லேசான கசிவு. அதை அடைத்து, மணல் இறுக்கி, அதே பிளாக்கைத் திரும்ப வைத்துவிட்டு, மழைக்குழி வரை நடந்து போய் எல்லா இணைப்பையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் 10 ஆயிரத்தை வாங்கினார்.

ஷீட் போடும் வேலைக்கும் அவரிடமே பேசியிருக்கிறோம். இந்தத் தடவை பேப்பரில் ஒரு வரி கூடுதலாக எழுதச் சொல்லியிருக்கிறேன்: வேலை நடுவில் ஆளை எடுத்தால் முந்தின நாளே சொல்ல வேண்டும், சொல்லாமல் நின்ற ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் பிடித்தம். அவர் சரி என்று சொல்லியிருக்கிறார், தை பிறந்ததும் வேலை.